முகத்துவாரம் நம்முடையது, எழுந்து பேசு!

“நம்ம ஊரு சின்ன ஊரு. நாம சொல்லி டெல்லி கேக்குமா, புதுச்சேரிதான் கேக்குமா?”

தம்பி, தங்கச்சி, இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடு. காரைக்கால் பேருந்து நிலையத்தில் இதைக் கேட்கிறேன், பாரதியார் சாலை டீக்கடையில் கேட்கிறேன், பட்டம் வாங்கிய பிள்ளைகள் வாயிலும் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. உன் மேல் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே உன்னை உட்கார வைத்தவர்கள் மேல்.

சின்ன ஊர்தான். 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர். 30 தொகுதிகள் உள்ள சட்டமன்றத்தில் நமக்கு 5. தலைநகரம் 130 கிலோமீட்டருக்கு அப்பால். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். இவ்வளவும் உண்மை. இனி இன்னொரு உண்மையைக் கேள்.

1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் என்ற மூன்று பெரிய மாநிலங்களோடு நான்காவது தரப்பாக நின்றது புதுச்சேரி. காவிரி வழக்கில் புதுச்சேரி என்றால் அது காரைக்கால்தான்; வேறெங்கும் புதுச்சேரிக்குக் காவிரி பாயவில்லை. 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வந்தபோது 740 டி.எம்.சி.யில் 7 டி.எம்.சி. நமக்கென்று எழுதப்பட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கூட்டிக் கொடுத்தது. நம்முடைய 7-ல் கை வைக்கவில்லை. சின்ன ஊர் கேட்டது, சின்ன ஊர் பெற்றது. எழுதிய தண்ணீர் வருஷா வருஷம் ஒழுங்காகக் கடைமடைக்கு வந்து சேர வேண்டும் என்பது தனிச் சண்டை. அதையும் விடக் கூடாது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. மேலிருந்து வரும் தண்ணீருக்காக அண்ணாந்து பார்த்தே பழகிய நாம், ஆறு கடலில் சேரும் இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு என்று இந்தச் சின்ன மண்ணுக்குள் எத்தனை ஆறுகள்! காவிரியின் கடைசி வாய்கள் நம் கரையிலும் நம்மைச் சுற்றியுமே இருக்கின்றன. ஆற்று மேம்பாடு, முகத்துவார மேம்பாடு, ஆற்றங்கரை அழகுபடுத்தல், துறைமுக விரிவாக்கம் என்று நல்ல நல்ல பெயர்களில் கடற்கரை நெடுகத் திட்டங்கள் வருகின்றன. எல்லாம் கெட்டவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கழிமுகத்தின் சதுப்பையும் அலையாத்தியையும் காலி இடம் என்று கணக்குப் போட்டுத் தீட்டப்படும் எந்தத் திட்டத்தையும் எதிர்த்து நிற்க உனக்கு உரிமை இருக்கிறது, அறிவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, உனக்கு முன்னால் நின்று வென்றவர்கள் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: நம்மால் முடியும் என்ற நினைப்பு.

அந்தக் காலி இடத்தை ஓதம் வற்றும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பார். அரசலாற்றுப் பாலம் தாண்டிக் கடல் பக்கமாக நட. தண்ணீர் இறங்க இறங்கக் கறுத்த சேற்றுத் திட்டு தலைகாட்டும். அதில் சுண்டுவிரல் நுழையும் துளைகள் எண்ணி மாளாது. ஒவ்வொன்றிலும் ஒரு நண்டு. ஆண் நண்டு தன் ஒற்றைப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி அசைக்கும். நீ ஓரடி வைத்தால் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே போய்விடும்; அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்குக் குத்திட்டு நிற்கும் வேர்களைத் தொட்டுப் பார். காற்றுப் புகாத சேற்றில் நிற்கும் மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதன் இலையை நாக்கில் வைத்துப் பார், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது அந்த மரம். பக்கத்தில் வீச்சுவலையை இழுத்துக் கரையில் உதறுகிறவரிடம் கேள். மடவை என்பார், கிழங்கான் என்பார், கூடவே நாலு வெள்ளை இறாலைக் காட்டுவார்.

அந்த வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஓதத்தோடு ஏறிக் கழிக்குள் வரும். உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இந்த ஆழமில்லாத நீரில், அலையாத்தி வேருக்கும் சேற்றுக்கும் நடுவில் சில மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். நடுக்கடலில் விசைப்படகு அள்ளுகிற வெள்ளை இறாலும் முன்பு ஏதோ ஒரு கழிச் சேற்றில் தவழ்ந்ததுதான். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு, மண்டபத்தூர், பட்டினச்சேரி என்று நம் மீனவ ஊர்களின் அடுப்பு இந்தச் சேற்றை நம்பி எரிகிறது. இதைத்தான் கோப்பில் ‘பயன்பாட்டில் இல்லாத சதுப்பு’ என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது இரத்தம் கொதிக்க வேண்டாமா?

ஆற்று மேம்பாடு என்றதும் நாடே உதாரணம் காட்டுவது ஆமதாபாத் சபர்மதிக் கரையை. ஆற்றின் இரு பக்கமும் 11 கிலோமீட்டருக்கு மேல் கான்கிரீட் சுவர் எழுப்பி, அகலத்தை நெடுகிலும் ஒரே அளவாக 263 மீட்டராக்கி, நர்மதைக் கால்வாய்த் தண்ணீரை விட்டு நிரப்பினார்கள். அதை அப்படியே நகலெடுக்க எத்தனையோ ஊர்கள் துடிக்கின்றன. உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு அது பொருந்தியதா என்ற வாதம் அங்கேயே முடியவில்லை. முகத்துவாரத்துக்கு அது அறவே ஆகாது. கழிமுகத்தில் ஆற்றுக்கு ஒரே அகலம் கிடையாது. மழைக்காலத்தில் பரந்து, கோடையில் ஒடுங்கி, ஓதத்துக்கு ஓதம் ஏறி இறங்கும் வெளி அது. அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கரையோரச் சரிவு வேண்டும். செங்குத்தாகச் சுவர் வைத்தால் சேற்றுத் திட்டு போயிற்று, திட்டோடு நண்டும் உள்ளானும் போயிற்று, குஞ்சு ஒதுங்க இடமும் போயிற்று. ஆழமாகத் தோண்டி நேராக வெட்டினால் கோடையில் கடல் நீர் இன்னும் மேலே ஏறும், கிணறு கரிக்கும், கழனி உப்படிக்கும். இதைச் சொல்ல நீ பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. உன் வீட்டு அடிகுழாய்த் தண்ணீர் எந்த ஆண்டிலிருந்து உப்பாயிற்று என்று உன் ஆத்தாவுக்குத் தெரியும்.

இன்னொரு பேச்சையும் உடைக்க வேண்டும். “காவிரித் தண்ணி வீணாக் கடல்ல போய்க் கலக்குது.” நாமே சொல்கிறோம், கடைமடைக்காரர்களாகிய நாமே! தண்ணீருக்குத் தவித்தவன் வாயில் வரும் பேச்சு என்பது புரிகிறது. ஆனால் அதே நடுவர் மன்றத் தீர்ப்பை எடுத்துப் பார். சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கென்று 4 டி.எம்.சி. என இரண்டு வரிகள் தனியாக இருக்கின்றன. நான்கு தரப்பும் சொட்டுக்குச் சொட்டு மல்லுக்கட்டிய வழக்கிலேயே, ஆறு கடலைத் தொட வேண்டும் என்பது கணக்கில் ஏறியிருக்கிறது. அந்த நல்ல தண்ணீர் இறங்கவில்லையென்றால் கழி வெறும் உப்பு நீர்த் தேக்கமாகிவிடும். அலையாத்தி குட்டையாகிக் காயும். முத்துப்பேட்டையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பரந்து கிடந்த காட்டில் திட்டுத் திட்டாக மொட்டை விழுந்ததில், மேலே தடுக்கத் தடுக்கக் கீழே நல்ல தண்ணீர் குறைந்ததற்கும் பங்கு உண்டு.

சரி, எதிர்த்து யார் வென்றார்கள் என்று கேட்கிறாயா? வெகு தூரம் போக வேண்டாம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகப்பட்டினம்.

1990-களின் தொடக்கம். இறால் பண்ணை என்ற பெயரில் டெல்டா கடற்கரை நிலத்தைப் பெரிய கம்பெனிகள் வளைத்தன. நெல் விளைந்த நிலத்தில் குட்டை வெட்டிக் கடல் நீரை இறைத்து நிரப்பினார்கள். உப்பு பக்கத்து வயலுக்குக் கசிந்தது, குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. பண்ணைக் கழிவு ஆற்று முகத்துவாரத்துக்குப் போனது. மீனவன் கடலுக்குப் போகும் பாதைக்குக் குறுக்கே வேலி வந்தது. அந்நியச் செலாவணி, ஏற்றுமதி, நீலப் புரட்சி என்று டெல்லியிலிருந்து உள்ளூர் வரை ஒரே பாட்டு. எதிர்த்து நின்றது யார்? சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன், அவர் துணைவி கிருஷ்ணம்மாள். 1968 கீழவெண்மணிக் கொடுமைக்குப் பிறகு இந்த மண்ணுக்கு வந்து, நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் வாங்கித் தருவதையே வாழ்க்கையாக்கிக் கொண்டவர்கள். ‘லாப்டி’ என்ற அவர்கள் அமைப்பில் பணக்காரர் யாரும் இல்லை. நடவு நட்டு, களையெடுத்து, நாள் கூலி வாங்கும் பெண்கள்தான் படை. அவர்கள் மண்வெட்டும் எந்திரங்களுக்கு முன்னால் போய் நின்றார்கள், சிறைக்குப் போனார்கள். ஜெகந்நாதன் எண்பதை எட்டிய வயதில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

1996 டிசம்பர் 11. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடித்து அகற்று. விளைநிலத்தையும் சதுப்பையும் அலையாத்தியையும் உப்பளத்தையும் பண்ணையாக மாற்றாதே. கெடுத்தவன் ஈடு கொடு. ஆந்திரம், தமிழ்நாட்டுக் கடற்கரைகளை நாகபுரியின் ‘நீரி’ ஆய்வு நிறுவனம் நேரில் பார்த்து, பண்ணைகளின் சம்பாத்தியத்தைவிட அவற்றால் விளைந்த இழப்பே பெரிது என்று கணக்குக் கொடுத்திருந்தது. இரண்டே நாள் கழித்து டிசம்பர் 13 அன்று அதே நீதிபதி இன்னொரு வழக்கில், இமயத்துப் பியாஸ் ஆற்றைத் தன் விடுதியின் வசதிக்காகத் திருப்பிய ஒரு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஆறும் கடற்கரையும் காடும் மக்களுக்காக அரசு பொறுப்பேற்று வைத்திருப்பவை, தனியாருக்குத் தாரை வார்க்க அரசுக்கே உரிமை இல்லை என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். ஒரே வாரத்தில் எழுதப்பட்ட இந்த இரண்டும் உன் கைக்கு வந்த சொத்து. பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சொத்தில்லாதவன் போல் அலைகிறாய்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். தீர்ப்பு வந்ததும் பண்ணை முதலாளிகள் ஓய்ந்துவிடவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றி, தீர்ப்பின் பல்லைப் பெருமளவு பிடுங்கியது. இதைச் சொன்னதும், “பார்த்தீங்களா, கடைசியில அவங்கதான் ஜெயிச்சாங்க” என்று சாய்ந்து உட்காராதே! அந்தப் போராட்டம் இல்லையென்றால் இந்தக் கரையில் மிச்சம் என்ன இருந்திருக்கும் என்று யோசி. வென்றதைக் காக்க ஆள் வேண்டும் என்பதுதான் இதில் உனக்கு வேலை.

இயற்கை உழவு சொன்ன நம்மாழ்வார் ஐயாவை நினைத்துப் பார். 2004 ஆழிப்பேரலையில் உப்பேறிய நாகை நிலங்களில் இனி பத்து வருஷத்துக்குப் புல்கூட முளைக்காது என்று கைவிரித்தவர்கள் உண்டு. அவர் தக்கைப்பூண்டை விதைத்து, மடக்கி உழுது, அந்த நிலத்தை மீட்கும் வழியை உழவர்களுக்குக் காட்டினார். காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து அத்திவெட்டியில், அந்தப் பயணத்தின் நடுவிலேயே உயிர் பிரிந்தது. மீத்தேன் திட்டம் நிறைவேறவில்லை. 2020-ல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டம் செய்தது.

ஆனால் அந்தச் சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிட்டது. நம்மைச் சுற்றி இருக்கும் ஊருக்கெல்லாம் வேலி போட்டுவிட்டு நடுவில் இருக்கும் நம் வீட்டை மட்டும் வெளியே விட்டாற்போல் இருக்கிறது நிலைமை. அதே காவிரி, அதே வண்டல், அதே கடல். அங்கே வர முடியாதவன் இங்கே வரப் பார்ப்பான். ஆகவே காரைக்காலில் பிறந்தவன் தமிழ்நாட்டுக்காரனைவிட ஒரு மடங்கு கூடுதலாக விழித்திருக்க வேண்டும்.

வடக்கே எண்ணூரில் நடந்தது உனக்குப் பாடம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிவெளி அது. மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் அந்தக் கழிவெளி இருந்தது. பின்னால் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அதைக் காணவில்லை! ஆறு அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்திலிருந்து மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழைய வரைபடத்தை வெளியே கொண்டுவந்து, 2017-ல் மீனவர்களும் அவர்களோடு நின்றவர்களும் அதை ஊரறியச் செய்தார்கள். அந்த மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். ஒரு டீயின் விலைகூட இல்லை. எண்ணூர்க்காரர்களின் போராட்டம் இன்னும் ஓயவில்லை, ஆனாலும் அந்தக் கழிவெளியை இல்லை என்று இனி எவனும் சாதிக்க முடியாது.

உன் தெருவிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் இருக்கும். மாமாவோ சித்தப்பாவோ பாரிஸில் இருப்பார். அவர்களிடம் லுவார் ஆற்றைப் பற்றிக் கேள். 1986-ல் பிரான்சில் லுவார் ஆற்றிலும் கிளைகளிலும் நான்கு பெரிய அணைகள் கட்டத் திட்டம் போட்டார்கள். வெள்ளத் தடுப்பு என்றார்கள், வளர்ச்சி என்றார்கள். செர் த லா ஃபார் என்ற மலைப் பள்ளத்தாக்கில் அணை வரவிருந்த இடத்திலேயே 1989-ல் மக்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 1994 வரை! மழையிலும் பனியிலும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். வெறுமனே வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அணைக்குப் பதில் ஆற்றுப் படுகையை அகலப்படுத்து, படுகைக்குள் கட்டிய ஆலைகளை வேறிடத்துக்கு மாற்று என்று மாற்றுவழி சொன்னார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அணை வரவே இல்லை. 1994-ல் அரசே ஆற்றின் போக்குக்கு இசைந்த புதுத் திட்டம் வகுத்தது. 1998-ல் சால்மன் மீன் ஏறிப் போக வழிவிட்டு, கிளையாறுகளில் இருந்த இரண்டு பழைய அணைகளையே இடித்தார்கள். அதே லுவார் கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்தை விரிக்க தோன்ஜ் என்ற ஊரின் சதுப்பைக் கேட்டபோதும் பறவை ஆர்வலர்கள் வழக்காடினார்கள். 2009-ல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. நம்மை ஆண்டவர்களின் நாட்டிலேயே சாதாரண மக்கள் அரசை எதிர்த்து ஆற்றைக் காப்பாற்றினார்கள் என்றால், காரைக்கால் அம்மையார் பிறந்த மண்ணில் பிறந்த உனக்கு நெஞ்சுரம் குறைவா?

இனி, உன் மனசுக்குள் இருக்கும் பயத்துக்கு வருகிறேன். “அறிக்கை நானூறு பக்கம் இங்கிலீஷ்ல இருக்கே, எனக்கென்ன தெரியும்?” 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சுருக்கத்தை உன் மொழியிலும் கொடுக்கச் சொல்கிறது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னால் நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். இவை எவரும் பெரிய மனசு பண்ணித் தரும் சலுகை இல்லை.

சில திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பே வைக்க மாட்டார்கள். பராமரிப்பு வேலை, அழகுபடுத்தும் வேலை என்று சொல்லி நழுவப் பார்ப்பார்கள். அங்கே உனக்குத் துணை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2017 சதுப்பு நில விதிகளை நம்பிப் போய் ஏமாறாதே. ஆற்றுப் போக்கையும் கடற்கரை மண்டலத்துக்குள் வரும் இடங்களையும் அந்த விதிகள் வெளியே விட்டுவிட்டன. கடற்கரை அறிவிக்கையின்படி ஓதம் ஏறும் ஆற்றின் இரு கரையும் மண்டலத்துக்குள் வரும். 2011-ல் கரையிலிருந்து 100 மீட்டர் வரை இருந்ததை 2019-ல் 50 மீட்டராகச் சுருக்கினார்கள். இருக்கிற 50-ஐயாவது பிடித்துக் கொள். அலையாத்தியும் சேற்றுத் திட்டும் முதல் வகுப்புப் பாதுகாப்பில் வருபவை. அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் விட வேண்டும். 1,000 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 25 சென்ட். நம் கழிகளில் 25 சென்ட் திட்டு எங்கெங்கே நிற்கிறது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

ஓதம் ஆற்றில் எதுவரை ஏறுகிறது என்பதற்கும் அளவு வைத்திருக்கிறார்கள். ஆண்டின் மிக வறண்ட காலத்தில், தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம் வரை. மேலே தண்ணீர் திறந்து ஆறு ஓடும் மாதத்தில் அளந்தால் எல்லை கடலை ஒட்டி வந்துவிடும். கரையோர நிலம் கட்டடத்துக்குத் திறந்துவிடும். மே மாதம் அளந்தால் உள்ளே ஏறும். ஆகவே எந்த மாதம் அளந்தாய் என்று கேள்! இந்த ஒரு கேள்விக்கு அறிக்கை எழுதியவர்கள் தடுமாறுவார்கள். இறால் பண்ணைகளில் உப்பு பார்க்கும் கருவி இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கும். சித்திரை வெயிலில் நாலு பிள்ளைகள் பாட்டிலோடு ஆற்றோரம் போய், பாலத்துக்குப் பாலம் தண்ணீர் எடுத்து, தேதி, நேரம், இடம் எழுதி, படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டார்களா? அப்போதும் முடியவில்லை. 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஊர்ப் பஞ்சாயத்தில் தலைக்கட்டுக்குப் பத்து ரூபாய் போட்டால் முடிந்தது.

ஒன்றை மனசில் வை. எல்லாவற்றையும் எதிர்ப்பது வீரம் இல்லை. முகத்துவாரம் மணல் மேவி அடைத்துக்கொண்டால் படகு வெளியே போக முடியாது, தூர்வாரத்தான் வேண்டும். தூண்டில் வளைவு கேட்கும் மீனவர் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது; அது எங்கே, எந்த நீளத்தில், அடுத்த ஊர்க் கரையை அரிக்காமல் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கடல் நீர் ஏறாமல் இருக்க விவசாயி சட்ரஸ் என்னும் கதவணை கேட்கிறார். அதை எந்த இடத்தில், எந்த மாதம் இறக்குவது, மீன் குஞ்சு ஏறும் காலத்தில் எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை மீனவரோடு உட்கார்ந்து பேசினால் தீரும். மேம்பாடு வேண்டுமென்றால் பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் காட்டு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் மொட்டைத் திட்டுக்குள் போய்த் திரும்ப வழி செய்து, அதன் கரையில் கன்று நட்டார்கள். செத்த இடத்தில் காடு எழுந்தது. எங்களுக்கு இப்படிப்பட்ட ஆற்று மேம்பாடு கொடுங்கள் என்று கேள். வேண்டாம் என்பதற்கு ஒரு மடங்கு தைரியம் போதும். இப்படிச் செய் என்று சொல்ல இரண்டு மடங்கு வேண்டும். உனக்கு அது உண்டு.

நம்மைப் பிரிப்பதும் இங்கேதான் நடக்கும். விவசாயியிடம் போய் மீனவன் உன் தண்ணீரைக் கேட்கிறான் என்பார்கள். மீனவரிடம் போய் விவசாயி ஆற்றை அடைக்கச் சொல்கிறான் என்பார்கள். வேலையில்லாத பிள்ளைகளிடம் இவர்களால்தான் உனக்கு வேலை வரவில்லை என்பார்கள். வேலை என்றால் எத்தனை, நிரந்தரமா ஒப்பந்தமா, எந்தப் படிப்புக்கு, உள்ளூராருக்கு எத்தனை என்று எழுத்தில் கேள். 2023 மார்ச்சில் பக்கத்து நாகூர் பட்டினச்சேரியில் கடலோர எண்ணெய்க் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தபோது, மீனவர்கள் ஒட்டுமொத்தமாக எழுந்து குழாயையே அகற்று என்றார்கள். ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறோம் என்ற பேச்சுக்கு மயங்கவில்லை. அந்த ஒருமிப்பு நமக்கு வேண்டும். நிரவிக்காரரும் நெடுங்காட்டுக்காரரும் கிளிஞ்சல்மேட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

கருத்துக்கேட்பு நாள் வரும். மேடையில் ஆட்சியர் இருப்பார், கம்பெனி ஆட்கள் சட்டையில் அட்டை மாட்டியிருப்பார்கள், திரையில் பச்சைப் பசேல் படம் ஓடும். முன் வரிசையில் வாகனம் வைத்து அழைத்து வந்த கூட்டம் கை தட்டும். மைக் உன் பக்கம் வரும்போது தொண்டை வறளும். வறளட்டும். பெயரையும் ஊரையும் சொல். என்ன பிடிக்கிறாய், எங்கே பிடிக்கிறாய், எந்த மாதம் என்ன கிடைக்கும் என்று சொல். உப்பு அளந்த தாளை நீட்டு. எந்த மாதம் அளந்தீர்கள் என்று கேள். அலையாத்தித் திட்டு உங்கள் வரைபடத்தில் எங்கே என்று கேள். தமிழில் பேசு, உன் ஊர்த் தமிழில் பேசு. அவர்கள் மொழிபெயர்த்துக் கொள்ளட்டும். உன் பின்னால் ஆத்தா நின்றால் மைக்கை அவர் கையில் கொடு. கூட்டம் முடியும்போது நடந்ததன் சுருக்கத்தை வட்டார மொழியில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மணி ஆகிவிட்டது, அப்புறம் அனுப்பி வைக்கிறோம் என்பார்கள். நாற்காலியை விட்டு எழாதே. நீ சொன்னது சொன்னபடி அதில் ஏறியிருக்கிறதா என்று கேள், ஏறாவிட்டால் ஏற்றச் சொல், மறுபடி படிக்கச் சொல்.